ஈயக்குண்டு வைத்துத் தைத்த அங்கி

முதலில் பேசியவர் பாதிரியார்தான். மருத்துவமனையில் கட்டில் கட்டிலாகப் போய் நோயாளிகளோடு ஜெபிக்கிறவர்; வேறு சபைக்காரர், வேறு மொழிக்காரர். கால்மாட்டில் நின்றுகொண்டு, கையிலிருந்த சிறிய எவர்சில்வர் கிண்ணத்தின் மூடியைத் திறக்காமலே சொன்னார்: "இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை என்று இவர் நேற்று என்னிடம் சொன்னார். விருப்பமென்றால் இப்போதே கொடுக்கலாம். கொஞ்சம் தண்ணீர் போதும்."

இரண்டு மொழியும் படித்திருந்த மருமகள், கட்டிலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மாமியாரிடம் அதை வீட்டு மொழியில் சொன்னாள்.

"தெளிக்கறதா?" என்றார் மாமியார்.

"ஆமா அத்தை. நெத்தியில."

"எங்க சபையில அது கெடையாதுன்னு சொல்லு."

சொன்னாள்.

"தெரியும். ஆனால் இந்த நிலைமையில் இவரைத் தொட்டிக்குள் இறக்க முடியாதே," என்றார் பாதிரியார்.

"இப்ப முடியாது. அடுத்த மாசம் முடியும். தேறிட்டு வர்றான்னு டாக்டர் நேத்துதானே சொன்னாரு? எம்புள்ள எழுந்து நடந்து வந்து முழுசா முழுகுவான். அங்கி தெச்சு பீரோவுல வெச்சிருக்கேன். நெத்தியில நாலு சொட்டு விட்டா அது ஞானஸ்நானமே இல்ல. அப்படியே சொல்லு அவருகிட்ட."

மருமகள் ஒரு நொடி தயங்கினாள். கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு நடந்தது அந்த நாலு சொட்டுதான். ஆனாலும் சொன்னாள். கொஞ்சம் மரியாதை சேர்த்து, கடைசி வாக்கியத்தின் முனையை மழுக்கிச் சொன்னாள்.

கட்டிலில் கிடந்தவன் ஆக்ஸிஜன் முகமூடியை இழுத்துக் கழுத்துக்குக் கீழே விட்டான். "ஏம்மா அவர வெரட்டற? டாக்டர் என்ன சொன்னாரு, நெஞ்சுக்குள்ள தண்ணி நிக்குதுன்னுதானே? உள்ள முழுகியாச்சு. வெளியதான் பாக்கி."

"வாய மூடு. மொதல்ல மாஸ்க்க மாட்டு."

பாதிரியார் அவனைப் பார்த்து, நேராக அவனிடமே, "உங்கள் விருப்பம் என்ன?" என்று கேட்டார். வேலை பார்த்த இடத்தில் பழகியதால் அவனுக்கு அந்த மொழி வரும். அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "அம்மா தைத்து வைத்திருக்கிறார்கள். வீணாக்கக் கூடாது. பாதி வேலை பார்த்து எனக்குப் பழக்கமில்லை."

பாதிரியார் சிரித்தார். கிண்ணத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். அவன் தலையில் கைவைத்துச் சின்னதாக ஒரு ஜெபம் செய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மறுநாள் விடிவதற்குள் அவன் போய்விட்டான். தேறி வருகிறான் என்று சொன்ன அதே டாக்டர்தான் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அடுத்த மாதமும் வந்தது. அங்கி பீரோவிலேயே இருந்தது.

சபையில் அந்த மாமியாருக்குத் தையலம்மா என்று பெயர். வீட்டின் முன்னறைதான் கடை. சன்னலோரம் மெஷின், நடுவில் துணி வெட்டும் மேசை, சுவரில் ஆணியடித்து மாட்டிய கத்தரிக்கோல்கள். பள்ளிச் சீருடை, சன்னல் திரை, மேசைவிரிப்பு. யாருக்காவது இடுப்புப் பெருத்தால் பிரித்துவிடுவது, இளைத்தால் பிடித்துத் தைப்பது. பையன் கைக்குழந்தையாக இருந்தபோதே கணவர் இறந்துவிட்டார். மெஷின் சத்தத்திலேயே பையன் தூங்கிப் பழகினான். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வானாம். "அவன் தூங்கணுமேன்னே நான் ராப்பகலா தெச்சேன். ஊர்ல எல்லாரும் நல்லா உடுத்தினதுக்கு எம்புள்ளையோட தூக்கம்தான் காரணம்," என்பார்.

அளவு டேப் எப்போதும் கழுத்தில் தொங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்ற மறந்து அப்படியே ஆராதனைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் குனிந்து, "என்னம்மா, கர்த்தர அளக்க வந்தீங்களா?" என்று கேட்டார். தையலம்மா அசரவில்லை. "அவருக்கு அளவு பத்தாதுங்க. டேப் சின்னது," என்றார். பிற்பாடு அந்தப் பதிலையே நினைத்து நினைத்து அவர் அழுவார் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

அவர்களுடைய சபையில் மேடைப் பலகைகளுக்கு அடியில் ஒரு தொட்டி உண்டு. நீல ஓடு பதித்தது. விசுவாசித்து, அதை வாயால் அறிக்கையிட்ட பெரியவர்களைத்தான் அதில் இறக்குவார்கள். உச்சந்தலைவரை முழுகி எழும்ப வேண்டும். வெள்ளை அங்கிகள் தைப்பது தையலம்மாவின் பொறுப்பு. ஒரு முறை நல்ல உடல்வாகுள்ள ஒரு அம்மா தொட்டிக்குள் இறங்கியபோது அங்கிக்குள் காற்றுப் புகுந்து, குடை விரிந்த மாதிரி இடுப்புக்கு மேலே எழும்பிவிட்டது. அவர் ஒரு பக்கம் அமுக்க, போதகர் ஒரு பக்கம் அமுக்க, சபை முழுக்க ஜெபிக்கிற பாவனையில் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. அந்த அம்மா வெட்கத்தில் பல வாரம் கோயில் பக்கமே வரவில்லை. அதற்கப்புறம், சன்னல் திரை காற்றில் பறக்காமலிருக்க வைக்கிற சின்ன ஈயக்குண்டுகளைத் தையலம்மா ஒவ்வொரு அங்கியின் அடிமடிப்பிலும் வரிசையாக வைத்துத் தைத்தார். துணி எழும்பவில்லை. தண்ணீருக்குள் நேராகப் போய் நேராக வந்தது.

மகனுக்கும் ஒன்று தைத்தார். தோள் அகலமான, நீளமான அங்கி.

அவன் மாடிக் கட்டிடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். கிரீஸ் படிந்த நகமும் ஓயாத பேச்சுமாக இருப்பான். ஆண்டவர்மேல் அவனுக்கு விசுவாசம் இருந்தது, தன்மேல்தான் இல்லை. முதல் தடவை ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தபோது, எங்கோ லிஃப்ட் நடுவில் நின்று ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று ஓடினான். திரும்பி வந்தபோது தொட்டியில் தண்ணீரை இறைத்துவிட்டார்கள். அடுத்த தடவை அவனாகவே தள்ளிப்போட்டான். சிகரெட்டை விட்டுவிட்டு இறங்குகிறேன் என்றான்.

"எறங்கினா தானா விட்டுப்போகும்டா," என்றார் அம்மா.

"பாக்கெட்டுல சிகரெட்ட வெச்சுக்கிட்டு எப்படிம்மா எறங்கறது? நனைஞ்சிரும்ல."

கல்யாணத்துக்குப் பிறகு அவனுக்கு லேசாக வயிறு வைத்தது. தையலம்மா அங்கியின் பக்கத் தையலைப் பிரித்து அகலப்படுத்தினார். "இதுக்கு மேல துணியில மடிப்பு இல்ல. இனிமே நீதான் கொறையணும்," என்று எச்சரித்தார்.

மருமகள் வேறு சபையிலிருந்து வந்தவள். ஒரு கம்பெனியில் தொலைபேசியில் இரண்டு மொழியிலும் பதில் சொல்லும் வேலை. அதிகம் பேசமாட்டாள், நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைப் பேசிவிட்டு வருகிறவளுக்குத் தன் பேச்சு மிச்சமிருப்பதில்லை. ஒருவர் கோபத்தைக் குறைத்து இன்னொருவருக்குச் சொல்வது அவள் தொழிலில் பழகிப்போன ஒன்று. அவளுக்குக் குழந்தையிலேயே தெளித்துவிட்டார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து தையலம்மாவுக்கு அது ஒரு குறை. "நம்ம சபையில ஒரு தடவ முழுகிடேம்மா. நீ இன்னும் சரியா நனையவே இல்ல. வெறும் தூறல்ல நின்னுட்டு வந்திருக்க," என்றார். அதிலிருந்து அவளுக்குத் தூறல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. "அவ தூறல்னா நான் யாரும்மா? வறட்சியா?" என்று அவன் கேட்பான். "நீ மேகம். இடி இடிக்கும், மின்னும், பெய்யாது," என்பார் அம்மா. மூவரும் சேர்ந்து சிரித்த சிரிப்புகளில் பாதி அந்தப் பேரைச் சுற்றித்தான்.

அவனை அடக்கம் செய்த அன்று சபை வாசலிலிருந்த கரும்பலகையில் அவன் பெயருக்குக் கீழே "காலமானார்" என்று எழுதியிருந்தது. ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குக் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று எழுதுவார்கள். பலகை எழுதுகிற சகோதரர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, வழக்கப்படி எழுதினார். தையலம்மா அந்த ஒற்றை வார்த்தைக்கு முன்னால் நின்றார். பின்னால் வந்த கூட்டம் நகர முடியாமல் நின்றது. தூறல் அவர் முழங்கையைப் பிடித்து மெல்ல உள்ளே நடத்திக்கொண்டு போனாள்.

கொஞ்ச நாள் கழித்துப் போதகர் வீட்டுக்கு வந்தார். துணி வெட்டும் மேசையில் டீயை வைத்தாள் தூறல்.

"அம்மா, சிலுவையில ஆண்டவரு பக்கத்துல தொங்கின கள்ளன நெனச்சுப் பாருங்க. அவன் எந்தத் தொட்டியில எறங்கினான்? ஆண்டவர் அவனத் தள்ளிட்டாரா?"

"அவன் கையில ஆணி அடிச்சிருந்தாங்கய்யா. எறங்க வழியில்ல. எம்புள்ளைக்கு வழி கட்டில்வரைக்கும் வந்து நின்னுச்சு. நான்தான் அனுப்பிவிட்டேன்."

"நம்ம சபை போதனைப்படிதானே செஞ்சீங்க?"

"போதனை உங்களோடது. பிடிவாதம் என்னோடது."

போதகர் டீயைக் குடிக்காமலே எழுந்தார்.

தையலம்மா ஆராதனைக்குப் போவதை நிறுத்தவில்லை. பாட்டு மட்டும் வாயில் வரவில்லை. அங்கி தைப்பதை விட்டுவிட்டார். போதகரின் மனைவி வந்து கேட்டபோது கை வலி என்றார். அதே கையால் சாயங்காலம்வரை சன்னல் திரைகள் தைத்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மகன் எங்கே இருக்கிறான்? சோறு ஆறினாலும் கேட்டார், ஊசியில் நூல் கோக்கும்போதும் கேட்டார். "எனக்கு ஆண்டவர் மேல கோவம் இல்ல, தூறல். கோவம்னா சண்ட போட்டுத் தீத்துடுவேன். எனக்குத் தெரியணும். தெரியாம எனக்குத் தொண்டையில எதுவும் எறங்கல."

தூறலை அவளுடைய அம்மா வீட்டார் தங்களிடம் வந்துவிடச் சொன்னார்கள். அவள் போகவில்லை. கதவுக்குப் பின்னால் அவனுடைய கருவிப் பை தொங்கிக்கொண்டிருந்தது. கிரீஸ் வாசனை இன்னும் அதில் இருந்தது. அந்தப் பையைவிட்டு எப்படிப் போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைவிட, ஞானஸ்நானமே இல்லை என்ற அந்த வார்த்தை தன் வாய் வழியாகப் போனது அவளுக்குள் முள்ளாக நின்றது. மாமியார்மேல் கோபப்பட நினைத்தாள். முடியவில்லை. இரண்டு பேருக்கும் போனது ஒரே ஆள்தான்.

ஒரு நாள் தையலம்மா மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அந்தப் பாதிரியாரப் பாக்கணும். நீயும் வா."

"எதுக்கு அத்தை?"

"ஒண்ணு கேக்கணும். நான் கேக்கறத அப்படியே கேளு. அவர் சொல்றத அப்படியே சொல்லு. நீ மரியாதை சேக்கறவ, எனக்குத் தெரியும். அன்னைக்கும் சேத்த. உன் மொகத்துலயே தெரிஞ்சுது. இதுல ஒரு வார்த்த கூட்டாத, ஒரு வார்த்த கொறைக்காத."

பஸ்ஸில் போனார்கள். பாதிரியாரின் அறை மருத்துவமனையின் சலவைக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சுவருக்கு அந்தப்புறம் பெரிய மெஷின்கள் ஓடும் அதிர்வில் மேசைமேல் இருந்த கண்ணாடி டம்ளர் லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது. அவர் இவர்களை உடனே அடையாளம் கண்டுகொண்டார். நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

தையலம்மா உட்காரவில்லை. "கேளு. அன்னைக்கு நாங்க கேண்டீனுக்குப் போயிருந்தப்பவோ, வெளிய பெஞ்சுல நான் கண்ணசந்தப்பவோ, இவர் திரும்ப வந்தாரா? எம்புள்ள நெத்தியில தண்ணி வெச்சாரா? வெச்சிருந்தா கோவிச்சுக்க மாட்டேன்னு சொல்லு. கையப் புடிச்சு நன்றி சொல்லுவேன்னு சொல்லு."

இத்தனை நாளும் மாமியார் மனதில் ஓடிக்கொண்டிருந்தது இதுதான் என்று தூறலுக்கு அப்போதுதான் புரிந்தது. தன்னுடைய பேச்சை யாராவது மீறியிருக்க வேண்டுமே என்று அவர் ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் கேட்டாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பாதிரியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இல்லை. நீங்கள் வேண்டாம் என்றீர்கள், அவரும் வேண்டாம் என்றார். சாயங்காலம் வாசல்வரை வந்தேன். உள்ளே வரவில்லை."

தையலம்மா தூறலின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தாராம் அத்தை, வெச்சாராம். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அந்த மொழி மாமியாருக்குத் தெரியாது. பாதிரியாருக்கு இந்த மொழி தெரியாது. நடுவில் இருக்கிறவள் ஒரு மனுஷிக்குத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. அப்புறம் அந்த முகத்தைப் பார்த்தாள். துணியில் ஒரு நூல் பிசகினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைக்கிற முகம். பொய்யை வைத்துத் தைத்தால் அது எந்தத் துவைப்பிலாவது பிரிந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

"இல்லையாம் அத்தை. வாசல்வரைக்கும் வந்தாராம். உள்ள வரலையாம்."

யாரோ தோள் அளவு சொன்னதைக் கேட்டுக்கொள்வதுபோல் தையலம்மா தலையசைத்தார். அப்புறம்தான் உட்கார்ந்தார்.

"அந்த ராத்திரி நீங்கள் மகனுக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார் பாதிரியார்.

"துணிய நனைச்சு மூஞ்சியத் தொடச்சேன். ஒதடு காஞ்சிருந்துச்சு, தண்ணி தொட்டு வெச்சேன்."

"ஜெபித்துக்கொண்டா?"

"ஜெபிக்காம?"

பாதிரியார் முன்னால் குனிந்தார். "அப்படியென்றால் அந்தத் தண்ணீரையே ஆண்டவர்..."

தூறல் சொல்லி முடிக்கும்வரை தையலம்மா காத்திருந்தார். பிறகு சொன்னார்: "அது தாகத்துக்கு வெச்ச தண்ணி. அதுக்கு இன்னொரு பேர் வெச்சு என்னை நானே ஏமாத்திக்க மாட்டேன். சொல்லு."

பாதிரியார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நீங்கள் சொல்வது சரி. எனக்கும் தெரியாது. அந்தக் கிண்ணத்தைப் பைக்குள் வைத்த என் கையைப் பற்றி நானும் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். கேட்க வேண்டிய இடம் எது என்பது மட்டும்தான் தெரியும்," என்றார்.

இதையும் தூறல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். தையலம்மா அழவில்லை. பாதிரியாரையே பார்த்தார். "அவர் மேல தப்பில்லன்னு சொல்லு. நான் சொன்ன பேச்சுக்கு அவர் ஏன் ராத்திரி முழிச்சுக்கிட்டு கெடக்கணும்? நல்லா சாப்பிடச் சொல்லு. எளச்சுட்டாரு, சட்ட தோள்ல தொங்குது. கொண்டுவந்து குடுத்தா புடிச்சுத் தெச்சுத் தர்றேன்னு சொல்லு."

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே தையலம்மா கேட்டார்: "உனக்குத் தெளிச்சப்ப அழுதியாமா?"

"இல்ல அத்தை. தூங்கினேனாம். எங்கம்மா சொல்வாங்க."

"தூங்கிட்டா இருந்த?" கொஞ்ச தூரம் பஸ் போனது. "தூங்கறவளையே ஆண்டவர் புடிச்சு வெச்சுக்கிட்டாரு பாரு," என்றார். தொட்டியில் இறங்கு என்று மருமகளிடம் அவர் அதன்பின் சொன்னதேயில்லை. தூறல் என்று கூப்பிடுவதை மட்டும் விடவில்லை.

அடுத்த ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தபோது போதகரின் மனைவி கேட்டு வரவில்லை. தையலம்மாதான் டேப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், யார் யார் இறங்குகிறார்கள், கூப்பிடுங்கள், அளவெடுக்க வேண்டும் என்றார். கைவலி என்னாயிற்று என்று கேட்டதற்கு, "நான் தையக்காரிங்க. கதவு தெறக்கறதும் சாத்தறதும் எங்கையிலதான் இருக்குன்னு கொஞ்ச காலம் நெனச்சுட்டேன். அது என் வேல இல்ல. அடிமடிப்பு தைக்கறதுதான் என் வேல," என்றார்.

துக்கம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பாட்டு திரும்ப வந்தது. ஆனால் சில வரிகளில் நின்றுவிடும். காலையில் மெஷினைத் துடைத்து எண்ணெய் விடும்போது அவர் முணுமுணுப்பது தூறலுக்குக் கேட்கும். "இவன உங்க கையில குடுத்துட்டேன்." தினமும் அதே வார்த்தைகள். ஒருநாள் தூறல் கேட்டேவிட்டாள்: "நேத்துதானே குடுத்தீங்க?"

"நேத்து குடுத்தத ராத்திரி படுத்துக்கிட்டே திரும்ப வாங்கிட்டேனே. அதான் மறுபடி குடுக்கறேன். அவர் ஒரு தடவகூட சலிச்சுக்கல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு சகோதரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மகன் பரலோகத்துலதான் இருக்காரு, நீங்க சந்தோஷமா இருக்கணும்," என்றார்.

"போயி பாத்துட்டு வந்தீங்களா?"

அந்தச் சகோதரி பிடித்திருந்த கையை விட்டார்.

"கோவிச்சுக்காதீங்க. அங்க இல்லன்னு சொல்றவங்களும் போயி பாக்கல. பாத்தவர் ஒருத்தர்தான். அவர் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. ஆனா எம்பக்கத்துலயே உக்காந்திருக்காரு. எம்புள்ள எங்கன்னு தெரிஞ்சவரு எம்பக்கத்துல இருக்காருன்னா, நான் வேற எங்க போயி தேடறது?" என்றார் தையலம்மா. சொல்லிவிட்டு, அந்தச் சகோதரியின் சட்டைக் கையில் தையல் விட்டிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, "நாளைக்குக் கொண்டாங்க," என்றார்.

சில வருஷங்கள் அப்படித்தான் போயின. கடைசியில் கால் வீங்கி, மெஷினை மிதிக்க முடியாமல் ஆனது. தூறல் வேலை முடிந்து வந்து நூல் கோத்துக் கொடுப்பாள். அவர் கையாலேயே பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பார். மருத்துவமனை வேண்டாம் என்றார். அந்தக் கட்டிலைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. முன்னறையில், மெஷினுக்குப் பக்கத்தில் போட்ட கட்டிலில், ஒரு பகல் நேரத்தில் அவர் இறந்தார். தூறல் பக்கத்தில் இருந்தாள். பல்லியின் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தம் இல்லை. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள்.

கரும்பலகையில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று எழுதினார்கள். உடுத்துவதற்கு வந்த சபைப் பெண்கள், "எந்தத் துணி?" என்று கேட்டார்கள். அவருக்கென்று எடுத்து வைத்திருந்த சாம்பல் நிறக் கவுனைக் கொடுத்துவிட்டு, தூறல் பீரோவின் அடித்தட்டைத் திறந்தாள். அதிலிருந்து மடித்த வெள்ளை அங்கி ஒன்றை எடுத்து வெட்டும் மேசைமேல் விரித்தாள். தோள் அகலமான அங்கி; பக்கத்தில் பிரித்து அகலப்படுத்திய தையல். போதகரின் மனைவி, "இது ஆம்பள அங்கியாச்சேம்மா?" என்றார். தூறல் சுவரில் மாட்டியிருந்த கத்தரிக்கோல்களில் சின்னதை எடுத்துக்கொண்டு அடிமடிப்பின் பக்கம் உட்கார்ந்தாள்.

கால் வீங்கத் தொடங்கிய காலத்தில், வெயிலில் காயவைக்க என்று தையலம்மா ஒரு நாள் அந்த அங்கியை வெளியே எடுத்திருந்தார். மடித்து உள்ளே வைக்கும் முன் அதை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மருமகளைக் கூப்பிட்டார்.

"தூறல், எனக்கு ஒண்ணு செய்வியா?"

"சொல்லுங்க அத்தை."

"நான் போறப்ப இத மடிச்சு எங்கையில வெச்சுடு. அங்க போனதும் நான் ஆண்டவர்கிட்ட காட்டணும். இவன் வர்றதாத்தான் இருந்தான், தெச்சு வெச்சிருந்தேன், அளவுகூட ஒரு தடவ மாத்தினேன், குறுக்க நின்னவ நான்தான்னு சொல்லணும்."

"அவருக்குத் தெரியாதா அத்தை?"

"தெரியும். இருந்தாலும் வெறுங்கையோட நின்னா எனக்குப் பேச்சு வராது." அடிமடிப்பை விரலால் நிரடிக்கொண்டே போனார், ஒவ்வொரு குண்டிலும் விரல் நின்று நின்று நகர்ந்தது. "இந்தக் குண்டுகள மட்டும் பிரிச்சு எடுத்துடும்மா. இவ்வளவு கனத்தத் தூக்கிக்கிட்டு என்னால அவ்வளவு தூரம் நடக்க முடியாது."